சேற்று நண்டை வதைக்காமல் கொல்வது எப்படி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பினாங்கின் புக்கிட் தம்பூனில் வாங்கிய இரண்டு சேற்று நண்டுகளை உயிரோடு கொதிநீரில் போட்டுவிட்டு, அவை வெளியே வராமல் இருக்க மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கால்கள் சட்டியைப் பிறாண்டுகிற சத்தம் கையில் அதிர்வாகவே தெரிந்தது. திறந்தால் ஒரு நண்டின் கால்கள் நான்கு கழன்று தனியாக மிதக்கின்றன. பல்லி வாலை விடுவது போல ஆபத்தில் நண்டு தன் காலைத் தானே கழற்றிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கழன்ற இடம் வழியாகத் தண்ணீர் ஏறி சதையும் சொதசொதவென்று போனது.

நண்டுக்கு வலிக்குமா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கரை நண்டுகளுக்கு ஒளிந்துகொள்ள இரண்டு இருட்டு இடங்களைக் கொடுத்து, ஒன்றில் மட்டும் லேசாக மின்சாரம் வைத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே நண்டுகள் அந்த இடத்தை ஒதுக்கக் கற்றுக்கொண்டன. நெருப்பைத் தொட்ட கை சட்டென்று பின்வாங்குகிற மாதிரி வெறும் அனிச்சை என்றால் இப்படி நினைவு வைத்து ஒதுங்காதே. பிரிட்டன் 2022இல் விலங்கு உணர்வுச் சட்டத்துக்குள் நண்டையும் சிங்கி இறாலையும் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்து 2018இலேயே மயக்காமல் உயிரோடு வேகவைப்பதைத் தடை செய்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். இது முழுக்கச் சேற்று நண்டுக்கானது. பூ நண்டு பாசாருக்கு வரும்போதே பெரும்பாலும் செத்து ஐஸில்தான் இருக்கும்.

வாங்கும்போது கொடுக்கு கட்டியிருக்கிற, தொட்டால் கண்ணை உள்ளே இழுக்கிற நண்டாகப் பாருங்கள். அடியில் முட்டைக் கொத்து வெளியே தொங்கினால் அதை விட்டுவிடுங்கள். வீடு வரும்வரை ஈரச் சாக்கிலோ ஈரத் துணியிலோ சுற்றி நிழலில் வையுங்கள், செவுள் ஈரமாக இருந்தால் போதும், தாக்குப்பிடிக்கும். முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையும் வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியும் வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் வாளியிலும் போடாதீர்கள். உப்பில்லாத தண்ணீரில் நண்டு நிம்மதியாக மூழ்கிச் சாவதில்லை, உடம்புக்குள் தண்ணீர் ஏறி மெதுவாகத் திண்டாடும்.

முதல் வேலை குளிரவைப்பது. பெரிய பேசினில் மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு தண்ணீர். ஐஸ் உருகினாலும் உப்பு குறையக் கூடாது என்பதால் ஐஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டு லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதாவது தட்டையாக இரண்டு மேசைக்கரண்டி. கட்டை அவிழ்க்காமல் நண்டு முழுவதும் மூழ்கும்படி போட்டு 20 நிமிடமாவது விடுங்கள், ஒரு கிலோ நண்டு என்றால் இன்னும் கூட. நம் ஊர் நண்டு வெப்பக் கடலுக்குப் பழகியது, குளிரில் சீக்கிரம் அடங்கிவிடும். கண்ணையும் வாயோரத்தையும் தொட்டால் அசைவு இருக்கக் கூடாது, வயிற்றில் மடிந்து ஒட்டியிருக்கிற பட்டையைத் தூக்கினால் எதிர்ப்பில்லாமல் வர வேண்டும். பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதா, திரும்ப ஐஸுக்குள் போடுங்கள்.

குளிரே வேதனை என்று வாதிடுகிறவர்களும் உண்டு, சுவிஸ் சட்டம் ஐஸில் வைத்துக் கொண்டுபோவதையும் அனுமதிப்பதில்லை. ஆனால் மின்சாரத்தால் மயக்கும் இயந்திரம் நம் வீட்டில் கிடையாது. துள்ளுகிற நண்டோடு பழகாத கை போராடி மூன்று முறை தவறாகக் குத்துவதைவிட ஐஸ் மேல் என்பது என் கணிப்பு. ஒன்று மட்டும், ஐஸ் அடக்குவதற்குத்தான், கொல்வதற்கு இல்லை.

கொல்வது அடுத்த பத்து விநாடி. மீனுக்குப் போல தலைக்குள் ஒரே மூளை என்று நினைத்துவிடாதீர்கள், நண்டுக்கு நரம்பு மையம் இரண்டு, இரண்டையும் அழிக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு வயிற்றுப் பட்டையைத் தூக்குங்கள், அதன் அடியில் நடுக்கோட்டில் சின்னக் குழி தெரியும். கனமான குத்தூசியை அங்கே நேராக இறக்கி இப்படியும் அப்படியும் ஆட்டி எடுங்கள். உடனே இரண்டு கண்களுக்கும் நடுவில், வாய்க்கு மேலே உள்ள பள்ளத்தில் உள்நோக்கிச் சாய்த்து இன்னொரு குத்து. கால்கள் தொங்கிவிடும், லேசாகத் துடித்தால் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகுதான் கயிறு, ஓடு, செவுள் எல்லாம். உடனே சமைத்துவிடுங்கள், செத்த நண்டு நம் வெயிலில் சீக்கிரம் கெடும்.

தோட்டத்தில் பாட்டி சளிக்கு ரசம் வைக்க அல்லூரில் (சிறு கால்வாயில்) பிடித்த குட்டி நண்டை அம்மியில் ஒரே அடியில் நசுக்குவார். பார்க்கக் கொடூரமாக இருக்கும். இப்போது யோசித்தால் என் சட்டியைவிட அது எவ்வளவோ தேவலை.

சிங்கி இறாலுக்குக் குத்தூசி உதவாது. அதன் நரம்பு மையங்கள் தலையிலிருந்து வால்வரை சங்கிலியாக ஓடுகின்றன. குளிரவைத்தபின் பெரிய கத்தியால் நடுக்கோட்டில் நீளவாக்கில் தலை முதல் வால்வரை சட்டென்று இரண்டாகப் பிளக்க வேண்டும். வாலை மட்டும் முறுக்கிப் பிடுங்கினால் தலைப் பாதி உயிரோடுதான் கிடக்கும்.

கை நடுங்குகிறவர்கள் கடையிலேயே செய்யச் சொல்லலாம், ஆனால் பல கடைகளில் உயிரோடு ஓட்டைப் பிய்த்து இரண்டாக வெட்டிப் பையில் போட்டுவிடுகிறார்கள். அதனால் முன்கூட்டியே மலாயில் சொல்லுங்கள்: "காசி மாத்தி டூலு, பாரு பூக்கா." முதலில் கொல்லுங்கள், பிறகு திறங்கள் என்று அர்த்தம். நான் வாங்குகிற கடை அங்கிள் முதல் தடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எங்கே குத்துவது என்று கேட்டார். பட்டையைத் தூக்கிக் காட்டினேன். இத்தனை வருடமாக நண்டு விற்கிறேன், இந்தக் குழியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.