கிற்றார் பிக்கப்பை மதிப்பிடும்போது நாம் விடும் பிழைகள்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிற்றார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்துப் பக்கத்து பிக்கப் (காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) அபூர்வமானது, பழைய காலத்துத் தெளிவு அதில் இருக்கிறது என்று சொல்லி, விற்றவர் கூடுதல் காசு வாங்கியிருக்கிறார். அம்ப்பில் போட்டுக் கேட்டேன். ஓசை மெலிந்து, கண்ணாடியைக் கீறுவதுபோல வந்தது. அடித்தொனி அறவே இல்லை. தந்திகளைக் கழற்றி, முன்பலகையைத் தூக்கி, பிக்கப்பின் இரண்டு வயர்களையும் விடுவித்து, தடையை அளக்க மல்ரிமீற்றரை வைத்தேன். எண்ணே வரவில்லை. சுருள் அறுந்திருந்தது.

சுருள் அறுந்தால் பிக்கப் முற்றாக ஊமையாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. அறுந்த இடத்துக்கு இரு பக்கமும் உள்ள சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதால், கீச்சென்ற உயர் அதிர்வுகள் மட்டும் அந்த இடைவெளியைத் தாண்டிக் கசிந்து வரும். அந்தக் கசிவைத்தான் தெளிவு என்று விற்றிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, சுருளின் நுனியைப் பற்றவைத்திருந்த இடத்தில் பச்சை பூத்திருந்தது. ஸ்ட்ராட் பிக்கப்பில் சுற்றுவது 42ஆம் இலக்கச் செப்புக் கம்பி, ஏறக்குறைய 0.063 மில்லிமீற்றர் தடிப்பு. தலைமயிர் அளவுதான். திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். உப்புக் காற்றும் வாசிப்பவரின் வியர்வையும் அந்த மயிரிழையை எத்தனை நாள் விட்டுவைக்கும்? ஆகவே நம்மூரில் பழைய பிக்கப் வாங்குகிறவர் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கத்தைத் திருப்பி, பற்றவைத்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

சரி, மீற்றரில் எண் வந்துவிட்டது. அடுத்த பிழை அங்கேதான் தொடங்குகிறது. "அண்ணா, இது பதினாலு கே, நல்ல சத்தமா இருக்கும்தானே?" என்று கேட்காத ஆளில்லை. கே என்பது கிலோ ஓம். ஓம் கணக்கு கம்பியின் தடையைச் சொல்கிறது, ஓசையின் அளவைச் சொல்வதில்லை. அதே எண்ணிக்கைச் சுற்றுகளை 43ஆம் இலக்கக் கம்பியில் சுற்றினால், கம்பி மெலிந்தது என்ற ஒரே காரணத்தால் தடை கூடிவிடும். காந்தத்தின் வலு, சுருளின் வடிவம், தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள தூரம் எதுவும் அந்த எண்ணில் இல்லை. ரே பட்ஸ் உருவாக்கி 1957 முதல் கிரெட்ச் கிற்றார்களில் வந்த ஃபில்டர்ட்ரான் பிக்கப்பை எடுங்கள். அதன் தடை நாலு கிலோ ஓம் அளவுதான். எண்ணை மட்டும் பார்ப்பவர் அதைக் கைவிட்டுவிடுவார். வாசித்துப் பார்ப்பவர் கையிலிருந்து இறக்க மாட்டார்.

இன்னொன்று, வெயில். செப்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 20 பாகைக் குளிர் அறையில் 7.8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், நம்மூர் 33 பாகையில் 8.2 காட்டும். விற்பவர் ஏசி அறையில் அளந்து சொன்ன எண்ணும் நாம் வீட்டில் அளக்கும் எண்ணும் ஒத்துவரவில்லை என்று சண்டைக்குப் போகத் தேவையில்லை. கிற்றாரின் ஜக் வழியாக அளப்பதும் ஏமாற்றும். சுவிட்ச் நடுவில் இருந்து இரண்டு பிக்கப்கள் சேர்ந்தால், எண் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வொலியூம் குமிழ் முழுதாகத் திறந்திருக்கவில்லையென்றால் வருவது குமிழின் கணக்கு. சந்தேகம் இருந்தால் வயரை விடுவித்துத்தான் அளக்க வேண்டும். தடையைவிட நிறையச் சொல்லுவது தூண்டம் (இண்டக்டன்ஸ்), அதாவது மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. அதன் அலகு ஹென்றி. ஸ்ட்ராட் ஒற்றைச் சுருளுக்கு இரண்டேகால் ஹென்றியை ஒட்டியும், இரைச்சலை அடக்க இரண்டு சுருள் சேர்த்த பழைய பாணி ஹம்பக்கருக்கு நாலு ஹென்றிக்கு மேலும் இருக்கும். அதை அளக்க எல்சிஆர் மீற்றர் வேண்டும். நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலே போதும்.

இனி பிக்கப்பின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கர். கிப்சன் ஹம்பக்கர்களிலேயே ஆகக் கூடிய விலை போவது பிஏஎஃப். அதை உருவாக்கிய கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல்தான் கிடைத்தது. "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்ற அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே பிஏஎஃப். பின்னர் 1960களில் காப்புரிமை எண்ணோடு ஸ்டிக்கர் வந்தது. அதில் அச்சான 2,737,842 பிக்கப்பின் எண்ணே அல்ல. அது கிற்றார் கலைஞர் லெஸ் போல் பெற்ற, தந்தி தாங்கும் பாகத்துக்கான காப்புரிமை. பிக்கப்பின் சரியான எண் 2,896,491. இதைத் தெரியாதவர் அசலைப் பார்த்து "எண் பிழை, இது போலி" என்று தள்ளிவிடுவார். சரியான எண்ணோடு அழகாக அச்சடித்த ஒன்றை அந்தக் காலத்து அசல் என்று நம்பி வாங்கியும் விடுவார். ஸ்டிக்கர் வெறும் காகிதம், யாரும் அச்சடிக்கலாம். அதை நம்பி விலை பேச வேண்டாம். அடித்தகட்டின் கால்களில் அச்சு விட்டுப்போன தழும்பு, உள்ளே இருக்கும் கம்பியின் நிறம், பற்றவைப்பு முன்பு ஒருமுறை திறக்கப்பட்டதா என்பது, எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று உதைத்தாலும் நான் ஒதுங்கிவிடுவேன்.

மூடியை வைத்து வகை சொல்வதும் அதே மாதிரிப் பிழை. கோல்ட் ஃபாயில் என்ற பிக்கப்பில் அந்தத் தங்க நிறத் தகடு அலங்காரம் மட்டுமே. டிஆர்மண்ட் செய்ததும் ஜப்பானில் டெய்ஸ்கோ செய்ததும் உள்ளே வேறு வேறு. இப்போது வரும் பலவற்றில் தகட்டின் கீழ் சாதாரணச் சின்ன ஹம்பக்கர்தான் இருக்கிறது. கிப்சனின் ஃபயர்பேர்ட் பிக்கப்பும் மினி ஹம்பக்கரும் ஒரே அளவு. ஆனால் ஃபயர்பேர்டில் சுருள் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சட்டக் காந்தம் நிற்கும். மினியில் ஒரே காந்தம் அடியில் படுத்திருக்கும்.

வைட் ரேஞ்ச் ஹம்பக்கரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிப்சனை விட்டு ஃபெண்டருக்குப் போன அதே சேத் லவர் 1970களின் தொடக்கத்தில் செய்தது அது. அசலில் திருகுகளே காந்தம். செம்பு, நிக்கல், இரும்பு சேர்ந்த குனிஃபே உலோகத்தைத் திருகாகக் கடையலாம், வழக்கமான காந்த உலோகமான அல்னிகோவைக் கடைய முடியாது. பின்னால் வந்த மறுபதிப்புகள் பலவற்றில் அந்தப் பெரிய மூடிக்குள் வழக்கமான ஹம்பக்கர் ஒன்று மெழுகோடு உட்கார்ந்திருக்கிறது. வெளியே தெரியும் திருகுகள் வெறும் இரும்பு. அசலின் விலை கொடுத்து இதை வாங்கிவிட்டு, அந்த மினுமினுப்பான ஓசை வரவில்லையே என்று அம்ப்பை மாற்றிக்கொண்டிருப்பவர்களைக் கண்டு எனக்கு உண்மையாகவே வருத்தம். 2020இல் ஃபெண்டர் குனிஃபேயைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே புதியது எல்லாம் போலி என்றும் சொல்ல முடியாது.

ஈஎம்ஜி போன்ற அக்டிவ் பிக்கப்பில் மீற்றரை வைக்கவே வேண்டாம். உள்ளே சின்ன அம்ப் இருக்கிறது, வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. செத்துவிட்டது என்று முடிவெடுக்க முன் 9 வோல்ட் பற்றரியை மாற்றுங்கள். ஜக்கில் வயரைக் குத்தியபடியே விட்டால் பற்றரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

சோதிக்கிறேன் என்று பிக்கப்பைக் கொன்றுவிடுவதும் உண்டு. பழைய ஃபெண்டர் பிக்கப்பில் காந்தக் கோல்களின் மேலேயே நேராகக் கம்பி சுற்றியிருக்கும். உயரம் சரிபார்க்கிறேன் என்று கோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே முதல் சுற்று அறுந்துவிடும். கோலைத் தொடாமல் பக்கத்துத் திருகைத்தான் திருப்ப வேண்டும்.

கடைசியில் காது. இரண்டு பிக்கப்களை ஒப்பிடும்போது சத்தம் கூடியதுதான் நல்லதாகப் படும், எல்லோருக்கும் அப்படித்தான். ஆகவே கடைசிக் கட்டையில் (ஃப்ரெட்) தந்தியை அழுத்திப் பிடித்து, இரண்டையும் தந்தியிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, அம்ப்பின் அளவையும் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். கோல் காந்தம் உள்ள பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் ஏற்றினால், காந்தம் தந்தியை இழுத்து, மேல் கட்டைகளில் தடித்த தந்தி இரட்டைச் சுருதியில் புலம்பும். பிக்கப் கெட்டது என்று கழற்ற முன் அதை இரண்டு மில்லிமீற்றர் இறக்கிப் பாருங்கள்.

கோயில் திருவிழா மேடையில் இரைச்சல் வந்தாலும் முதல் பழி பிக்கப்புக்குத்தான். மேடையில் நின்றபடி மெதுவாக உடம்பைத் திருப்புங்கள். திரும்பத் திரும்ப முனகல் கூடிக் குறைந்தால், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை ஒற்றைச் சுருள் பிடிக்கிறது என்று பொருள். ஹம்பக்கர் என்று சொல்லி வாங்கிய பிக்கப் அப்படிச் செய்தால், மூடிக்குள் பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் அடங்கினால் அது கிற்றாரின் உள்ளே இரைச்சலைத் தடுக்கும் மறைப்பில் உள்ள குறை. தொட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால், தந்தி தாங்கிக்குப் போகும் எர்த் வயர் துருப்பிடித்து விட்டிருக்கும். நம்மூரில் நான் திறந்த கிற்றார்களில் அதைத்தான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.