நமீபியாவின் ஸ்கெலிடன் பே கடற்கரைக்கு அலைச்சறுக்குப் போகிறீர்களா?

முதலில் தேதி குறித்து டிக்கெட் போடாதீர்கள். வால்விஸ் பே ஊருக்கு அருகே பாலைவனமும் கடலும் முட்டிக்கொள்ளும் இந்த இடத்தில், அலை தினமும் கிடைக்காது. தென் அட்லாண்டிக்கில் பெரிய புயல் கிளம்பி, தென்மேற்கிலிருந்து வலுவான பேரலை வந்தால்தான் அந்தப் புகழ்பெற்ற நீண்ட இடப்பக்க அலை (சறுக்குபவரின் இடப்புறமாக உடைந்துகொண்டே போவது) உருவாகும். அதற்கு மே முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல வாய்ப்பு. அலை முன்னறிவிப்பு ஐந்தாறு நாட்களுக்கு முன்பே கோடிகாட்டிவிடும். அதைப் பார்த்த பிறகு கிளம்புங்கள், திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

பாலைவனம்தானே என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் தண்ணீர் சில்லென்று இருக்கும், 4/3 மி.மீ. வெட்சூட்டும் (உடம்புப் பகுதி 4, கை கால் பகுதி 3 மி.மீ. தடிமனான, குளிர் தாங்கும் ரப்பர் உடை) அதே வகைக் காலுறையும் கட்டாயம். காலையில் பனிமூட்டம் வேறு.

அலை மிக வேகமானது, ஆழமோ குறைவு; புதிதாகக் கற்பவர்கள் தயவுசெய்து இறங்க வேண்டாம். கரையோர நீரோட்டம் உங்களை வடக்கே இழுத்துக்கொண்டே போகும். எதிர்த்துக் கையால் துடுப்புப் போடாமல் கரையேறி நடந்து திரும்புங்கள்.

அப்புறம், வண்டி நான்கு சக்கர இயக்கம் உள்ளதாக இருக்கட்டும். மணலில் இறங்குமுன் டயர் காற்றைக் குறையுங்கள். கடல் ஏறும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீர், சாப்பாடு, உதிரிச் சறுக்குப் பலகை எல்லாம் ஊரிலேயே ஏற்றிவிடுங்கள், அங்கே கடை கிடையாது.