மின்வில்லுக்கு எதிரான காப்புடை: வன்னி ஆலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோக நெல் வந்து குவியும் மாசி, பங்குனி மாதங்களில் கிளிநொச்சி, பரந்தன், வவுனியாப் பகுதி அரிசி ஆலைகள் இரவிலும் ஓடுகின்றன. அந்த நாட்களில் பிரதான மின்பலகை பழுதடைந்தால், ஆலையை நிறுத்த மனமில்லாமல், மின்சாரம் இருக்கும்போதே கதவைத் திறந்து திருத்தச் சொல்லும் முதலாளிகளும் அதற்கு இசையும் மின்பணியாளர்களும் உண்டு. உமித்தூசி படிந்து, எலியும் பல்லியும் குடியிருக்கும் பலகைக்குள் ஒரு திருகாணி தவறி விழுந்து இரண்டு பேஸ்களை (மின்சாரம் வரும் தனித்தனி வழிகளை) இணைத்தாலே மின்வில் (arc flash), அதாவது காற்றினூடே மின்சாரம் பாய்ந்து எழும் கடும் சுடர், மூண்டுவிடும். அதன் வெப்பநிலை 19,000 பாகை செல்சியசு வரை உயரக்கூடும்; சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 பாகைதான்.

மின் அதிர்ச்சிக்கான காப்பையே மின்வில்லுக்கும் காப்பென்று நம்புவதுதான் மற்றெல்லாத் தவறுகளுக்கும் வேர். இறப்பர்க் கையுறையும் இறப்பர்ப் பாயும் மின்சாரம் உடலுக்குள் பாய்வதைத் தடுக்கும். மின்வில்லோ எதையும் தொடாமல் எட்ட நிற்பவரையும் எரிக்கும். இந்தத் தீக்காய ஆபத்தைப் பொறியியல் உலகம் தனியாகக் கணக்கிடத் தொடங்கியதே 1982 இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் லீ எழுதிய ஆய்வுக்கட்டுரைக்குப் பின்னர்தான் என்பதால், பழைய முறையில் தொழில் பழகியவர்களைக் குறைசொல்வதற்கில்லை.

“வெறும் 400 வோல்ட்டுதானே” என்ற எண்ணமும் தவறானது. ஆலைக்கென நிறுவப்பட்ட 250 கேவிஏ மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 360 அம்பியர். அதன் மின்மறுப்பு (மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) 4 வீதமானால், அதன் வாயிலில் குறுஞ்சுற்று நேரும்போது 9,000 அம்பியர் வரை பாயும். எரிக்கும் ஆற்றல் மின்வில் நீடிக்கும் நேரத்துக்கேற்பக் கூடுவதால், எரிந்துபோன உருகிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் நம் ஊர்ப் பழக்கம், எந்த உடையாலும் ஈடுசெய்ய முடியாத தீங்கைச் செய்கிறது.

உடையைத் தெரிவுசெய்வதில்தான் ஏமாற்றங்கள் அதிகம். கட்டாரிலோ குவைத்திலோ எண்ணெய்க் கம்பனிகளில் வேலை செய்து திரும்பியோர் கொண்டுவரும் கவரோல்கள் தீப்பற்றாத் துணியில் தைக்கப்பட்டவையாக இருக்கலாம். ஆனால் தீப்பற்றாத துணியெல்லாம் மின்வில்லுக்கெனச் சோதிக்கப்பட்ட துணியாகிவிடாது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கலோரி வெப்பம் என்ற அளவு உடையின் முத்திரையில் இருக்க வேண்டும். முத்திரை கிழிந்த பழைய கவரோலை இந்த வேலைக்கு நம்பக்கூடாது. வெறும் தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் (கொப்புளம் எழும் காயம்) உண்டாக அதே அளவையில் 1.2 கலோரி போதும். அமெரிக்கத் தர விதிகள் உடைகளைக் குறைந்தது 4, 8, 25, 40 கலோரி என நான்கு வகைகளாக்குகின்றன. முத்திரையிலுள்ள எண்ணையே எல்லையாகக் கொண்டு வேலை செய்வதும் பிழை, ஏனெனில் துணிகளுக்குப் பொதுவாகத் தரப்படும் அந்த எண் இரண்டாம் நிலைத் தீக்காயம் நேர ஐம்பது வீத வாய்ப்புள்ள புள்ளியையே குறிக்கிறது. 4 கலோரி உடைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து 8 என்று கூட்டுவதும் ஆகாது. அந்தச் சேர்க்கை சேர்த்தே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உள்ளே அணியும் பனியன் பொலியெஸ்டராக இருந்தால், மேலுடை தாங்கினாலும் உள்ளுடை உருகித் தோலோடு ஒட்டக்கூடும். மேலே மாட்டும் மஞ்சள் ஒளிர்சட்டைக்கும் இதே விதிதான். சித்திரை வெயிலில் கழுத்துப் பொத்தானைத் திறந்து கையை மடித்துவிடாமல் இருப்பது கடினம் என்பது உண்மையே. எனினும் திறந்திருக்கும் இடத்தில் அந்த உடையால் பயனில்லை. கழுவும்போது வெளிற்றும் திரவம் சேர்ப்பது துணியைக் கெடுக்கும்; கஞ்சி போடுவது தீக்கு எரிபொருள் ஊட்டுவதாகும். டீசல் படிந்த உடையும் அப்படித்தான்.

முகத்துக்கு வெல்டிங் கண்ணாடியோ, அரைக்கும் வேலைக்கான சாதாரண பிளாத்திக்கு முகமறைப்போ உதவாது. மின்வில்லுக்கெனத் தரப்படுத்திய முகமறைப்பு, அதற்குள்ளே பாதுகாப்புக் கண்ணாடி, தலையையும் கழுத்தையும் மூடும் உறை, காதுக்கு அடைப்பான் ஆகிய நான்கும் சேர்ந்தே முழுமையாகும்.

இறப்பர்க் கையுறையை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கடியில் மடித்துத் திணித்து வைப்பவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். வெயிலும் எண்ணெயும் மடிப்பும் இறப்பரில் வெடிப்பு விழச் செய்யும். 400 வோல்ட்டு வேலைக்கு 1,000 வோல்ட்டு வரை தாங்கும் ‘0’ வகுப்புக் கையுறை போதுமானது. அதன்மேல் தோற்கையுறை கட்டாயம். அணியுமுன் ஒவ்வொரு முறையும் காற்றடைத்துச் சுருட்டி ஓட்டை உண்டா என்று பார்க்க வேண்டும்.

மெயின் சுவிட்சை நிறுத்தியதும் உடையைக் கழற்றிவிடுவது அனுபவசாலிகளே செய்யும் தவறு. மின்சாரம் இல்லையென்று உறுதியாகும்வரை அது இருப்பதாகவே கொள்ள வேண்டும். சோதனைக் கருவியை முதலில் மின்சாரமுள்ள ஓரிடத்திலும், பின்னர் வேலை செய்யவுள்ள இடத்திலும், மறுபடி முதலிடத்திலும் வைத்துப் பார்த்து முடியும்வரை முழுக் காப்புடையும் உடலில் இருக்க வேண்டும். திரும்ப மின்சாரம் கொடுக்கும்போதும் அப்படியே. அப்போது பலகைக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நிற்பது நல்லது.

பணியாளர் முழுக் காப்புடையில் நிற்கும்போது, சாரத்தோடும் செருப்போடும் அருகில் நின்று டோர்ச் பிடிக்கும் பையனுக்கு எந்தக் காப்பும் இல்லை. டோர்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு, கதவைத் திறக்குமுன் அவனை அறைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும்.