பழைய ஸ்கூட்டர் வாங்கும்போது டயரைப் பார்ப்பது எப்படி

இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால், கீழே உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் இல்லையென்றால் மறுபக்கம் தேடுங்கள்.

அப்புறம் விரிசல். கட்டைவிரலால் பக்கவாட்டை நன்றாக அழுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். முடி போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் அது ஓசோன் செய்த வேலை. இயற்கை ரப்பரின் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி, அதில் நெடுக இரட்டைப் பிணைப்புகள் உண்டு, காற்றில் துளியூண்டு ஓசோன் இருந்தாலும் அந்த இடத்தில்தான் சங்கிலியை அறுக்கும், அதுவும் ரப்பர் இழுபட்டு நிற்கும்போது. இதைத் தடுக்கத்தான் டயர் கலவையில் மெழுகும் சேர்க்கிறார்கள். வண்டி ஓட ஓட அது மேலே கசிந்து வந்து மூடிக்கொள்ளும்.

அதனால் "வண்டி ஓடவே இல்லண்ணே, வேளச்சேரி வீட்டு வாசல்லயேதான் நின்னுச்சு" என்று விற்பவர் சொன்னால், கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். வெயிலில் வருஷக்கணக்கில் நின்ற டயரில் பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளம் தேயாமல் ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் அமுங்கவில்லையா? மழையில் அண்ணாசாலையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். நான் அப்படித்தான் ஒருமுறை விழுந்தேன்.

டயர் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு எண்ணைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். சரி, இன்னொன்று: டயரைப் பெட்ரோலால் துடைக்காதீர்கள், ரப்பர் உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.