ஷட்டர் கண்ணாடிக்கு ரேடியோ இணைப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

3டி படம் பார்க்கப் போடும் ஷட்டர் கண்ணாடிக்கு வேலை ஒன்றுதான். திரையில் இடக்கண்ணுக்கான படம் வரும்போது வலக்கண்ணை மூடும், அடுத்த படத்துக்கு மாற்றி மூடும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கு 8.33 மில்லிசெகண்ட். எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லும் சிக்னலைப் பழைய கண்ணாடிகளில் பல இன்ஃப்ராரெடில் வாங்கின. சோபாவில் அசையாமல் உட்கார்ந்து பார்க்கும்வரை சரி, திரை வைத்து ஓட்டும் விஆரில் தலையைத் திருப்பினால் ஒளி மறைந்து சிக்னல் போச்சு. அதனால்தான் ரேடியோ.

முதலில் சிக்னலை எடுங்கள். ஸ்டீரியோ கிராஃபிக்ஸ் கார்டில் 3 முள் மினி-டின் சாக்கெட் இருக்கும்: 1ஆம் முள் 5 வோல்ட், 2 கிரவுண்ட், 3இல் சிக்னல். அந்த முள்ளில் வோல்ட் உயர்ந்திருந்தால் இடக்கண் திறக்க வேண்டும். சிக்னலை வாங்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு 3.3 வோல்ட் என்றால் நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ மாட்யூல் இரண்டு, அனுப்ப ஒன்று, கண்ணாடியில் வாங்க ஒன்று. சிங்கப்பூரில் சிம் லிம் டவர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பவர் முள்களை ஒட்டி 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் சுற்றிலும் அண்டைவீட்டு வைஃபைதான், அதனால் சேனல் 76ஐ, அதாவது 2476 மெகாஹெர்ட்ஸை எடுங்கள்: வைஃபை 11ஆம் சேனலுக்கு மேலே, புளூடூத் சாதனங்கள் தங்களை அறிவிக்கும் விளம்பரச் சேனலான 2480க்குக் கீழே. மாட்யூல் 2525 வரை போகும், ஆனால் லைசென்ஸ் இல்லாத பட்டை 2483.5உடன் முடிகிறது.

இனிதான் முக்கியமான இடம். "திற", "மூடு" என்று ஒவ்வொரு முறையும் அனுப்பாதீர்கள். ஒரு பாக்கெட், அதாவது ரேடியோ அனுப்பும் சின்னத் தகவல் பொட்டலம், தொலைந்தால் ஒரு கண் தவறும். தாளக்காரர் சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தில், ஒரு தட்டுத் தட்டினால் போதும், இடைப்பட்டதை மிருதங்கக்காரர் தாமே ஓட்டிக்கொள்வார் இல்லையா, அதேபோல இடக்கண் ஆறு முறை திறந்தால் ஒரு பாக்கெட், அதாவது 100 மில்லிசெகண்டுக்கு ஒன்று, போதும். கண்ணாடியில் உள்ள டைமர் தானே ஓடும். பாக்கெட் வந்ததும் பிழையில் எட்டில் ஒரு பங்கை மட்டும் திருத்தும். ரேடியோ தயாராக 130 மைக்ரோசெகண்ட், 4 பைட் பாக்கெட் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போக 96. இந்தத் தாமதம் மாறாதது, கழித்துவிடலாம். ஆட்டோ அக்னாலெஜ்மென்டை, அதாவது பாக்கெட் கிடைத்தது என்று தானாகப் பதில் அனுப்புவதை, அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அது இருந்தால் பாக்கெட் திரும்பத் திரும்பப் போய் எப்போது வந்தது என்பதே குழம்பிவிடும். வராத பாக்கெட்டைவிடத் தாமதமாக வந்த பாக்கெட்தான் மோசம்.

நான் மாட்டியது வேறொன்றில். செகண்டுக்கு ஒரு பாக்கெட் மட்டும் அனுப்பி, மலிவான போர்டு ஒன்றை வைத்து, இரண்டு மாலை ரேடியோவையே திட்டிக்கொண்டிருந்தேன். அதில் டைமருக்கு நேரம் கொடுக்க இருந்தது துல்லியமான கிறிஸ்டல் அல்ல, செராமிக் ரெசனேட்டர், 0.5 சதவீதம் பிசகினால் ஒரு செகண்டில் 5 மில்லிசெகண்ட், பாதிப் படத்துக்கு மேல் போய்விடுகிறது! பத்து லட்சத்துக்கு 20 பிசகும் கிறிஸ்டல் இரண்டு பக்கமும் இருந்தால், அதே ஒரு செகண்டில் 40 மைக்ரோசெகண்ட்தான்.

பேட்டரி: கேட்கும்போது ரேடியோ சுமார் 13 மில்லிஆம்ப் இழுக்கும். பாக்கெட் வரும் நேரத்தையொட்டி 2 மில்லிசெகண்ட் மட்டும் விழிக்க வையுங்கள்.

எல்சி (திரவப்படிக) கண்ணாடியை 12 வோல்ட் வாக்கில் ஓட்டலாம், அதற்கு 4053 என்ற ஸ்விட்ச் ஐசி போதும். ஒவ்வொரு முறை மூடும்போதும் துருவத்தை மாற்றுங்கள், ஒரே திசையில் மின்சாரம் நின்றால் திரவப்படிகம் கெட்டுவிடும்.

சோதிக்க, இடக்கண்ணுக்கு முழுச் சிவப்பு, வலக்கண்ணுக்கு முழு நீலம் போடுங்கள். வலிப்பு வரும் ஆள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். நிறம் இடம் மாறித் தெரிந்தால் புரோகிராமில் திருப்புங்கள். சிவப்பில் நீலம் கசிந்தால் திறக்கும் நேரத்தை 1 மில்லிசெகண்ட் தள்ளிப் பாருங்கள்.