சுவரோவிய விழா: பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் கண்ணகி நகரில் மாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்கள் ஒவ்வொன்றாக ஓவியங்களாக மாறின. தெருக்கலைக்காக இயங்கும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த வேலை. உள்ளூர், வெளியூர், வெளிநாட்டு ஓவியர்கள் ஆளை உயரே தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் வண்டியில் நின்று வரைய, கீழே குடியிருப்புப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் சுவரிலும் ஏ-கில் என்ற ஓவியர் சாதாரண மனிதர்களின் முகங்களைப் பிரம்மாண்டமாக வரைந்தார். எச்.ஐ.வி. பற்றிய ஒதுக்கலைப் போக்குவதற்கான முயற்சி அது.

இதையெல்லாம் பார்த்த பிறகு கல்லூரிகள், குடியிருப்போர் சங்கங்கள், நகராட்சிகள் என்று பலருக்கும் நம்ம ஊரிலும் ஒரு சுவரோவிய விழா வைத்தால் என்ன என்ற ஆசை வந்திருக்கிறது. வைக்கலாம், தாராளமாக. ஆனால் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் யாரை வரைய அழைக்கலாம் என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது சுவரில். சுவர் என்றால் அதற்குப் பின்னால் குடியிருக்கிறவர்களையும் சேர்த்துத்தான்.

சுவரைத் தட்டிப் பார்க்காமல் தேதி குறிப்பது

சாலையில் நின்று பார்த்தால் எல்லாச் சுவரும் நன்றாகத்தான் தெரியும். கிட்டப் போய் விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று உள்ளே வெறுமையாகச் சத்தம் வந்தால் பூச்சு செங்கல்லை விட்டு விலகிவிட்டது என்று பொருள். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு, அல்லது வெயிலில் செத்துப்போன பெயிண்ட். சுரண்டி எடுக்காமல் அதன் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்தால் அடுத்த மழைக்குத் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கச் சுவரில் கழிப்பறைக் குழாய்கள் இறங்குவது நம் ஊரில் சகஜம். எங்கேயோ ஒரு மூட்டு கசியும். அந்த இடத்தில் உப்பு பூக்கும். உப்பு பூத்த இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் நிற்காது. ஆக, விழாவின் முதல் செலவு ஓவியருக்கு அல்ல, பிளம்பருக்கும் கொத்தனாருக்கும். ‘சுவரை வைத்துத்தான் சித்திரம்’ என்று உடம்பைக் குறித்துச் சொல்வார்கள். இங்கே அது அப்படியே வேலைக் குறிப்பு. கசிவை அடைக்காமல் வண்ணம் பூசினால் குடியிருப்பவர்களுக்கும் அது உறுத்தும். “ஒழுகுற வீட்டுக்கு வெளியில மட்டும் மேக்கப்பா?” என்று யாராவது கேட்டால் அதில் தப்பே கிடையாது. கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். 2000க்குப் பிறகு நகரின் உள்பகுதிகளிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பது சிரமம் என்று வருத்தப்பட்டவர்கள். ஓவியம் அந்தப் பெயரைக் கொஞ்சம் மாற்றும். குழாயை மாற்றாது.

புதிதாகப் பூசிய சுவர் என்றால் நாலு வாரமாவது காய விட்டு, அதன் பிறகு வெளிச்சுவருக்கான பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்க வேண்டும். அளவுக் கணக்கிலும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 சதுர அடி வரும். 40 அடிக்கு 30 அடி சுவர் என்றால் 1,200 சதுர அடி; பின்னணிக்கு மட்டுமே 20 லிட்டருக்கு மேல் ஆகும். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும்.

தேதியைப் பொறுத்தவரை சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேச்சே வேண்டாம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அப்போதுதான் கொட்டுகிறது. பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அப்போதும் தை மாதப் பனியில் காலை எட்டு மணி வரை சுவர் நனைந்திருக்கும். துணியால் துடைத்துவிட்டுக் காய்ந்த பிறகு ஆரம்பிக்க வேண்டும். வெயில் காலத்தில் மேற்குப் பார்த்த சுவர் மதியத்துக்கு மேல் தோசைக் கல் மாதிரி கொதிக்கும். தூரிகையை இழுப்பதற்குள் பெயிண்ட் உலர்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். மார்ச்சில் வைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: பிளஸ் டூ தேர்வு. லைவ் பெயிண்டிங் என்றாலே ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு போட வேண்டும் என்று யார் சொன்னது?

கையெழுத்து வாங்கினால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைப்பது

சட்டப்படி முதலில் கையெழுத்து வேண்டும்தான். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959இலிருந்து இருக்கிறது. உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கையில் இல்லாமல் தூரிகையைத் தொடாதீர்கள். மேம்பாலத் தூண் ஒரு துறை, ரயில் நிலையச் சுவர் இன்னொரு துறை, பள்ளிச் சுவர் மாநகராட்சி என்று ஒரே தெருவில் மூன்று அலுவலகங்கள் வரும். ஒருவர் கொடுத்த கடிதம் மற்றவரிடம் செல்லாது. தேர்தல் ஆண்டாக இருந்தால் சுவரின் மூலையைக் கவனியுங்கள். கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி ‘ரிசர்வ்’ செய்து வைத்திருப்பார்கள். உள்ளூர் நிர்வாகியிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். பேசாமல் வெள்ளையடித்தால் விழா அன்று பஞ்சாயத்து.

ஆனால் அந்தச் சுவருக்குள் வசிப்பவர்களின் சம்மதம் கடிதத்தில் வராது. குடியிருப்போர் கூட்டம் என்று வேலை நாள் காலை பதினொரு மணிக்கு வைப்பார்கள். வீட்டு வேலைக்கும் கம்பெனிக்கும் போகிற பெண்கள் யாரும் அந்த நேரத்தில் இருக்க மாட்டார்கள். வந்து உட்காருவது நாலு பெரியவர்களும் பள்ளிக்கூடம் போகாத பொடிசுகளும். மாலை ஏழு மணிக்கு மேல் வைத்துப் பாருங்கள், கூட்டமும் கேள்வியும் வேறு மாதிரி இருக்கும். ஓவியத்தின் வண்ண நகலை டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். “இந்தப் பொம்பளை முகம் ஏன் இவ்வளவு சோகமா இருக்கு? தினமும் இதைப் பார்த்துத்தானே நாங்க வெளியே போகணும்” என்று ஒரு அக்கா சொல்லக்கூடும். ஓவியருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அந்த அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்து நாளில் ஓவியர் போய்விடுவார், அந்த அக்கா போக மாட்டார்.

கம்ப்யூட்டர் திரையில் மட்டும் வடிவமைப்பது

இந்தத் தவறைப் பற்றித்தான் நான் அதிகம் புலம்புவேன். சுவரின் புகைப்படத்தை எடுத்து, அதிலிருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெற்றுச் செவ்வகமாக வைத்துக்கொண்டு வரைவார்கள். நிஜச் சுவரில் பி.வி.சி. குழாய் இறங்கும், மின் மீட்டர் பெட்டி இருக்கும், டிஷ் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும், ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயப்போடக் கொடி கட்டியிருப்பார்கள். பெரிய முகம் ஒன்றை வரைகிறீர்கள். இடது கண் சரியாக இரண்டாம் மாடிக் கொடிக்குப் பின்னால் வருகிறது. விழா முடிந்த மறுநாளே அந்தக் கண்ணின் மேல் ஒரு பூப்போட்ட நைட்டியும் இரண்டு துண்டும் காயும். துணியை எடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கொடி எங்கே இருக்கிறதோ அங்கே இலை, நீர், வானம் என்று எதையாவது வைத்து, முகத்தைக் கொஞ்சம் தள்ளினால் தீர்ந்தது. பிளாக் எண்ணையும் மறக்க வேண்டாம். அழகாக இருக்கிறது என்று அதன் மேலேயே வரைந்துவிட்டால் தபால்காரரும் ஆம்புலன்ஸும் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

கட்டடத்தோடு ஒத்துப்போகும் ஓவியம் எப்படி இருக்கும் என்று பார்க்க தில்லி லோதி காலனிக்குப் போகலாம். ஆங்கிலேயர் காலத்தின் கடைசியில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. 2015-16இலிருந்து அங்கே வரைந்துகொண்டு வருகிறார்கள். பெரிய வளைவுகளோடு இருக்கும் அந்த முகப்புகளை மறைக்காமல், வளைவையே ஓவியத்தின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டவைதான் அங்கே இன்றைக்கும் நன்றாகத் தெரிகின்றன.

பார்க்கும் தூரமும் முக்கியம். சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்க்கும் சுவருக்கு நகை வேலைப்பாடு தேவையில்லை. எதிரில் பத்தடிச் சந்து மட்டும் இருக்கும் சுவருக்கு நாற்பதடி முகம் தேவையில்லை. யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது. அப்புறம், சிறுநீர் கழிப்பதைத் தடுக்க வரிசையாகச் சாமி படம் வரைவது. அதற்குக் கழிப்பறை கட்டுங்கள்.

வேலை நடக்கும் நாட்களில்

லிஃப்ட் வாடகை நாளுக்கு நாள் ஏறும் என்பதால் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அந்த அவசரத்தில் பல டன் எடையுள்ள பூம் லிஃப்டைக் கொண்டுவந்து மழைநீர் வடிகால் மூடியின் மேல் நிறுத்துவார்கள். மூடி உடைந்தால் லிஃப்ட் சாயும். முதல் நாளே தரையில் சாக்பீஸால் வடிகால் போகும் கோட்டைக் குறித்துவிடுங்கள். மேலே போகும் மின்கம்பியைப் பற்றி மின்வாரியத்திடம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். முழு உடல் ஹார்னஸ் (விழாமல் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை) இல்லாமல் யாரும் ஏறக்கூடாது, ‘அஞ்சு நிமிஷ வேலைதான்’ என்றாலும். ஸ்ப்ரே அடிப்பவருக்கு சாதாரணத் துணி மாஸ்க் போதாது. ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும். அப்போது ஸ்ப்ரே அடித்தால் கீழே நிறுத்திய வண்டிகளின் மேல் பொடிப் புள்ளியாகப் படியும். மறுநாள் காலையில் தன் பைக் சீட்டில் நீலப் புள்ளியைப் பார்க்கிறவரிடம் பொதுக் கலையின் அருமையை விளக்க முடியாது. வண்டிகளை நகர்த்தச் சொல்லுங்கள், முடியாவிட்டால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தூரிகை கழுவும் தண்ணீரையும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும் தெருவில் போய், ஒரு பக்கெட் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பது நாகரிகம் இல்லை. கழுவிய நீரை வடிகாலில் ஊற்றுவதும் கூடாது. டிரம்மில் விட்டு, அடியில் பெயிண்ட் தங்கிய பிறகு அந்த வண்டலைத் தனியாக அப்புறப்படுத்த வேண்டும். பெண் ஓவியர்களுக்கு அருகில் கழிப்பறை இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதற்கு முன்பே பார்த்து வைப்பது நல்லது.

பிள்ளைகள் தூரிகை கேட்டு நச்சரிப்பார்கள். பிரதான சுவரில் விட்டால் ஓவியருக்குத் தலைவலி, விரட்டினால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். பக்கத்தில் ஒரு குட்டைச் சுவருக்குப் பிரைமர் அடித்து அவர்களுக்கே கொடுத்துவிடலாம். விழாவில் உருப்படியாக வந்தது அதுதான் என்று பின்னால் தோன்றவும் கூடும்.

உள்ளூர்க் கையை உதவியாளாக மட்டும் வைப்பது

சென்னையில் இருபது முப்பதடி முகம் வரைவது ஒன்றும் புதுசு இல்லை. சினிமா பேனர் வரைந்தவர்கள் கட்டம் போட்டு, நூல் அடித்து, புரொஜெக்டர் எதுவும் இல்லாமல் செய்த வேலை அது. ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க 2009 வாக்கில் மாநகராட்சி தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் சொன்னபோது அப்படிப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் வேலை கிடைத்தது. இன்றைய விழாக்களிலும் அவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நாள்கூலிக்கு, வெள்ளையடிக்கும் இடத்தில். அவர்களுக்கென்று ஒரு தனிச் சுவரும் கீழே அவர்கள் பெயரும் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? இளம் ஓவியர்களை ‘உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்’ என்று சொல்லி சும்மா வரையச் சொல்வதும் இதே ரகம்தான்.

பார்க்க வருகிறவர்களுக்கு

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் எர்னஸ்ட் சகாரெவிச் என்ற ஓவியர் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். சுவரில் நிஜ சைக்கிளைப் பதித்து, அதில் இரண்டு பிள்ளைகள் போவதுபோல் வரைந்தது. படம் எடுக்க வருகிறவர்கள் ஆளாளுக்கு அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓவியம் தேய்வதற்கு வெயிலும் மழையும் பாதிக் காரணம் என்றால் கைகள் மீதி. தொடாமல் பாருங்கள். லிஃப்டில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள், அவர் கீழே இறங்கும்போது பேசலாம். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி உங்கள் படத்துக்கான பின்னணி இல்லை. எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முடிந்த பிறகு சுவர் யாருடையது?

சுவர் உரிமையாளருடையது, ஆனால் ஓவியத்தின் பதிப்புரிமை, எழுதி மாற்றிக் கொடுத்தால் ஒழிய, பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். தெருவில்தானே இருக்கிறது என்று அதைப் படம் எடுத்து விளம்பரத்தில் போட்டால் வம்பு வரும். மும்பைச் சுவரோவியம் ஒன்றை ஒரு காப்பீட்டு நிறுவனம் விளம்பரத்தில் பயன்படுத்திய விவகாரம் 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிப்பதிலும் கவனம் வேண்டும். தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் கழற்றி, கிடங்கில் போட்டார்கள். 2005இல் நீதிமன்றம் அதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. ஆகவே எத்தனை ஆண்டுக்கு ஓவியம் இருக்கும், மராமத்து வந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், புகைப்படத்தை யார் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

பாதுகாப்புக்கு என்று மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிப்பதும் எப்போதும் நல்லதல்ல. ஈரம் தங்கும் சுவரில் அது ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைத்து, ஓவியத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் அந்தப் பேச்சே கூடாது. அதைவிடப் பயன்படுவது மிச்சப் பெயிண்ட். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லிட்டரைச் சிறு டப்பாவில் இறுக மூடி, மேலே ஷேடு எண்ணையும் எந்த இடத்துக்கு அடித்தது என்பதையும் எழுதி, குடியிருப்போர் சங்கத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆறு மாதம் கழித்துக் குழாய் மாற்றச் சுவரை உடைப்பார்கள், அப்போது தேவைப்படும்.