பழைய ஆம்ஸ்ஹவுஸ் பாக்க போறீங்களா, முதல்ல சிம்னியை எண்ணுங்க

இங்கிலாந்துல பழைய ஊர் ஒண்ணுக்கு போனா ரோட்டோரமா வரிசையா குட்டி குட்டி வீடு, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கதவு, நடுவுல ஒரு கல்வெட்டு, இப்படி ஒண்ணு கண்ணுல படும். பாதி பேர் அழகா இருக்கேன்னு ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடுவாங்க. அதுதான் ஆம்ஸ்ஹவுஸ். வயசான ஏழைங்க தங்கறதுக்காக யாரோ ஒரு காசுக்காரர் எழுதி வச்சிட்டு போனது. நம்ம தர்மசத்திரம் மாதிரிதானேன்னு தோணும், ஆனா சத்திரத்துல வழிப்போக்கன் ரெண்டு நாள் இருந்துட்டு கிளம்பிடுவான், இங்க உள்ள வந்தவங்க பெரும்பாலும் சாகுற வரைக்கும் இங்கதான்.

பேரை பாத்து ஏமாறாதீங்க, அது முதல் விஷயம். வின்செஸ்டர்ல செயின்ட் கிராஸ் ஹாஸ்பிடல்னு போர்டு இருக்கும், ஊசி மருந்தெல்லாம் ஒண்ணும் கிடையாது, அந்த காலத்துல ஹாஸ்பிடல்னா தங்க இடம் கொடுத்து சோறு போடற இடம், அவ்ளோதான். லண்டன் பிளாக்ஹீத்ல மோர்டன் காலேஜ்னு ஒண்ணு இருக்கு, அங்க எவனும் படிக்கல, 1695ல நொடிச்சு போன வியாபாரிங்களுக்காக சர் ஜான் மோர்டன் கட்டினது.

சரி, வாசல்ல நிக்கறீங்க. உடனே கதவுக்கு போகாதீங்க, தலையை தூக்கி கூரையை பாருங்க. எத்தனை சிம்னி, அதாவது அடுப்புப் புகை வெளிய போற கூண்டு? என்னைக் கேட்டா ஒரு ஆம்ஸ்ஹவுஸோட மொத்த கதையும் அதுலதான் இருக்கு. ஏன்னா ஆரம்பத்துல ஒரே பெரிய ஹால்தான், ரெண்டு பக்கமும் கட்டில் போட்டு எல்லாரும் ஒண்ணா படுக்கணும், கிழக்கு கோடியில சேப்பல்னு ஒரு குட்டி சர்ச், படுத்த படுக்கையில இருந்தே பூசை சத்தம் காதுல விழும். சிச்செஸ்டர்ல செயின்ட் மேரீஸ் ஹாஸ்பிடல் அப்படித்தான், 13ஆம் நூற்றாண்டு கடைசியில கட்டினது, கூரை இறங்கி இறங்கி கிட்டத்தட்ட தரைக்கு வந்துடும், தானியக் களஞ்சியம்னே நினைப்பீங்க. ஆனா அந்த ஓட்டு கூரையை பொத்துக்கிட்டு செங்கல் சிம்னிங்க நிக்கும் பாருங்க, அது 17ஆம் நூற்றாண்டுல வந்தது. ஹாலுக்குள்ளயே குட்டி குட்டி வீடா தடுத்து ஆளுக்கு ஒரு அடுப்பு கொடுத்துட்டாங்க. கூரை ஒரு காலம், சிம்னி வேற காலம், ரெண்டும் ஒரே கட்டடத்துல.

தனி அடுப்புன்னா சும்மா இல்லைங்க, தனி கதவு, தனி குளிர்காயற இடம், பக்கத்து ஆள் இருமல் கேக்காம தூங்கற சுகம். செயின்ட் கிராஸ்ல 15ஆம் நூற்றாண்டுலயே கார்டினல் போஃபோர்ட்னு ஒரு பெரிய சர்ச் தலைவர் அதை செஞ்சுட்டார், வரிசையா உயரமான சிம்னிங்க, பிரதர்ஸ்னு கூப்பிடற அங்க குடியிருக்கறவங்களுக்கு தனித்தனி வீடு.

அடுத்து சேப்பல் எங்க இருக்குன்னு தேடுங்க. தானம் கொடுத்தவங்க சும்மா கொடுக்கல, என் ஆத்மாவுக்காக தினமும் ஜெபம் பண்ணணும்னு கண்டிஷன் போட்டுத்தான் கொடுத்தாங்க, உள்ள இருந்தவங்களுக்கு அதுதான் வேலை. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல ஈவெல்ம்னு ஒரு கிராமம், 1437ல வில்லியம் டி லா போலும் அவர் மனைவி ஆலிஸும் 13 ஏழைங்களுக்காக கட்டினாங்க, நடு முற்றத்தை சுத்தி வீடுங்க, அங்கிருந்து படியேறினா நேரா சர்ச். அது என்ன 13ன்னு கேப்பீங்க, இயேசுவும் 12 சீடர்களும்னு கணக்கு சொல்லுவாங்க, பல இடத்துல இந்த நம்பர் வரும்.

1547ல செத்தவங்களுக்காக ஜெபம் பண்றதுக்குன்னு எழுதி வச்ச சொத்தையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் கட்டினதுல ஜெபம் போய் பேர் முன்னாடி வந்துடுச்சுன்னு எனக்கு தோணும். கேட்டுக்கு மேல பாருங்க, குடும்ப சின்னம், வருஷம், பேரு எல்லாம் கொட்டையா இருக்கும். கில்ஃபோர்ட்ல ஆர்ச்பிஷப் ஜார்ஜ் ஆபட் 1619ல ஆரம்பிச்ச ஆபட்ஸ் ஹாஸ்பிடல் இருக்கே, அதோட செங்கல் வாசல் கட்டடம் நாலு மூலையிலயும் கோபுரத்தோட அரண்மனை வாசல் மாதிரி நிக்கும், உள்ள இருந்ததென்னவோ ஏழைங்கதான்.

லண்டன்லயே இருக்கறவங்க மைல் எண்ட் ரோட்ல டிரினிட்டி கிரீன் போங்க, செலவே இல்ல. 1695ல வயசான கப்பல் கேப்டன்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் கட்டினது. ரோட்டை பாத்த சுவர் உச்சியில குட்டி கப்பல் பொம்மை இருக்கும், இப்ப இருக்கறது நகல், ஒரிஜினலை மியூசியத்துல எடுத்து வச்சிட்டாங்க.

உள்ள நுழைஞ்சு பாக்கணும்னா ஷோர்டிச்ல மியூசியம் ஆஃப் தி ஹோம். 1714ல கட்டின 14 வீடு, நடுவுல சேப்பல், அந்த வாசலுக்கு மேல ராபர்ட் ஜெஃப்ரி சிலை. லண்டன் மேயரா இருந்தவர், அவர் விட்டுட்டு போன பணத்துலதான் கட்டினாங்க, ஆனா அந்த மனுஷன் அடிமை வியாபாரத்துலயும் காசு போட்டவர், அதனாலதான் சிலை இருக்கணுமா வேணாமான்னு 2020ல பெரிய சண்டையே நடந்துச்சு. கல்வெட்டுல பேரை படிக்கறப்போ அந்த பணம் எங்கிருந்து வந்துச்சுன்னும் ஒரு நிமிஷம் போன்ல தேடி பாத்துடுங்க, நான் இப்பல்லாம் அதை விடறதில்ல.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும்னா நான் செயின்ட் கிராஸ்தான் சொல்வேன். 1130கள்ல பிஷப் ஹென்றி டி பிளாய் ஆரம்பிச்சது, அங்க வாசல் காவல் அறையில வேஃபேரர்ஸ் டோல்னு கேளுங்க, வாயைத் திறந்து கேட்டாத்தான் தருவாங்க. கொம்புல செஞ்ச குட்டி கப்புல கொஞ்சம் பீரும் ஒரு துண்டு ரொட்டியும். மூணு வாய்க்கு கூட வராது, ஆனா வழிப்போக்கனுக்கு கொடுக்கணும்னு அன்னிக்கு வச்ச வழக்கம் இன்னும் ஓடுது பாருங்க. கருப்பு கவுனும் வெள்ளி சிலுவையும் போட்டுக்கிட்டு ஒரு பெரியவர் நடந்து போனா அவர் நடிகர் இல்லைங்க, அங்க குடியிருக்கறவர். சிவப்பு கவுன்னா போஃபோர்ட் ஆரம்பிச்ச பிரிவை சேர்ந்தவர்.

பல இடத்துல இன்னிக்கும் ஆளுங்க குடியிருக்காங்கங்கறதை மறந்துடாதீங்க. ஜன்னல்ல பூந்தொட்டி, கொடியில காயற துணி தெரிஞ்சா அங்கேயே நின்னுடுங்க, கண்ணாடியில மூக்கை ஒட்டி எட்டி பாக்க வேணாம். சிச்செஸ்டருக்கு போறதா இருந்தா முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிட்டு போங்க.